மாஸ்கோ சந்தையில் ஒரு மேலங்கி

மார்கழிப் பனிக்கே கம்பளி தேடும் நமக்கு, மாஸ்கோ நகரின் ஜனவரிக் குளிரை எவ்வாறு உணர்த்துவேன்? பூஜ்யத்திற்குக் கீழே 10 பாகை செல்சியஸ் என்பது அங்கே வியப்புக்குரியதன்று. ஊரிலிருந்து நான் கொண்டு சென்ற கம்பளிச் சட்டை அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

அங்கு மருத்துவம் பயிலும் என் பழைய மாணவர், என் நடுக்கத்தைக் கண்டு, இஸ்மைலோவோ சந்தைக்கு அழைத்துச் சென்றார். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின், அதன் படைவீரர் அணிந்த உடைகள் இத்தகைய சந்தைகளுக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்று, 'ஷினெல்' எனப்படும் சாம்பல் நிறக் கம்பளி மேலங்கி. முழங்காலுக்கும் கீழே தொங்கும். முதுகுப்புறமுள்ள அரைக்கச்சையின் பொத்தான்களைக் கழற்றினால் மடிப்பு விரிந்துவிடும். களத்தில் அதுவே வீரனுக்குப் போர்வை. கனமோ கனம்! ஆயினும் அணிந்த சற்று நேரத்தில் நடுக்கம் நின்றது.

உள்துணியில் யாருடைய எண்ணோ மங்கலாய்த் தெரிந்தது. அவர் இப்போது எங்கிருக்கிறாரோ? தோள்பட்டைச் சின்னங்களை மட்டும் பிரித்துவிடுமாறு வேண்டினேன். குளிருக்கு அங்கி போதும். நான் ஈட்டாத பதவியைச் சுமப்பது எவ்விதம் தகும்? விற்ற மூதாட்டி அவற்றைப் பிரித்துத் தம் கைப்பையில் வைத்துக்கொண்டார். விலையை மட்டும் குறைக்கவில்லை.