பழைய காரின் மூலபாடம்

பழைமை வேறு, அசல்தன்மை வேறு. பழைமை காலம் செல்லச் செல்லத் தானாகவே வந்து சேர்வது. அசல்தன்மையோ, ஒரு பொருள் பிறந்தபோது கொண்டிருந்த உறுப்புகளுள் எவை இன்றும் அதில் எஞ்சியுள்ளன என்ற வினாவுக்கு விடையாக அமைவது. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிப்போர் மூலபாடம், பாடபேதம், இடைச்செருகல் என வகுத்து ஆராயும் இவ்வினாவையே பழைய மோட்டார்க் கார்களை ஏலத்தில் விற்போரும் வாங்குவோரும் வேறு சொற்களில் எழுப்புகின்றனர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய கார்களைப் பொறுத்தவரை இவ்வினா சந்தை விலையோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. ஒரு சமூகம் பிழைத்த கதையோடும் பிணைந்து நிற்கின்றது.

மேலைநாட்டு ஏலங்களில் பழைய கார்கள் பெறும் விலை வியப்பூட்டுவது. 1955ஆம் ஆண்டில் இரண்டே இரண்டாகச் செய்யப்பட்ட மேர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். ஊலன்ஹோட் கூப்பே கார்களுள் ஒன்று 2022 மே மாதத்தில் ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரில் 13.5 கோடி யூரோவுக்கு விலைபோயிற்று. 2018இல் பெராரி 250 ஜி.ரி.ஓ. ஒன்று அமெரிக்காவில் 4.84 கோடி டொலருக்கு ஏலம் போனது. இவை அரும்பொருள்கள். எனினும், பல்லாயிரக்கணக்கில் வார்த்தெடுக்கப்பட்ட சாதாரணக் கார்களுக்கும் அளவுகோல் ஒன்றே. அடிச்சட்டத்தின் இலக்கமும் இயந்திரத்தின் இலக்கமும் தொழிற்சாலைப் பேரேட்டோடு ஒத்துவருகின்றனவா? பூசியிருக்கும் வர்ணம் பிறவி வர்ணந்தானா? இவற்றோடு மூன்றாவதாக எழுவது தொழிற்சாலைத் தெரிவுகள் பற்றிய வினா. புதுக்கார் ஒன்றைக் கட்டளையிடும்போது மேலதிகப் பணம் செலுத்தித் தோல் இருக்கை, வெப்பமூட்டி, உயர்ந்த இயந்திரம் முதலியவற்றைக் கேட்டுப் பெறுவர். அத்தெரிவு தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருப்பின் விலை உயரும். அதே உறுப்பைப் பின்னொருவர் வாங்கிப் பூட்டியிருப்பின் அது வெறும் அலங்காரமே. ஆசிரியரே தந்த பாடபேதத்துக்கும் பிற்காலத்தவர் நுழைத்த செருகலுக்கும் உள்ள வேறுபாடு இது.

இங்கிலாந்தின் மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்ளலாம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இக்கார் 1948 ஒக்ரோபரில் இலண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. 1971 வரையில் பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்டவை வெளிவந்தன. மாதிரி வண்டி ஒடுக்கமாக இருக்கக் கண்ட இசிகோனிஸ் அதனை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, பாதிகளை நகர்த்தி, நான்கு அங்குலம் அகலப்படுத்தினார் என்பது பலரும் அறிந்த செய்தி. அதற்குள் பம்பர்கள் செய்யப்பட்டு விட்டமையால், தொடக்ககால வண்டிகளின் பம்பர்கள் நடுவே வெட்டப்பட்டு இடையில் ஒரு துண்டு பொருத்தப்பட்டது. அசல் மைனரிலேயே ஒட்டு உண்டு. அந்த ஒட்டை அழித்து முழுமையான பம்பர் பூட்டினால்தான் கார் அசல்தன்மையை இழக்கும். அழகும் அசலும் ஒன்றல்ல என்பதற்கு இதனிலும் எளிய சான்று வேண்டுவதில்லை.

மைனரின் இயந்திர அறையில் தறையப்பட்டுள்ள தகடு சுவடியின் இறுதிக் குறிப்புப் போன்றது. 1950களின் தகடுகளில் உள்ள எழுத்துகளும் இலக்கங்களும் வண்டியின் இனம், உடலமைப்பு, நிறம், அது உள்நாட்டுக்கா ஏற்றுமதிக்கா என்ற செய்தி, வர்ணத்தின் வகை ஆகியவற்றைக் கூறுவன. இங்கிலாந்தின் கேய்டன் என்னும் ஊரில் உள்ள பிரித்தானிய மோட்டார்க் கைத்தொழில் மரபுரிமை நம்பிக்கை நிலையம் பழைய உற்பத்திப் பேரேடுகளைப் பேணி, கேட்போருக்குச் சான்றிதழ் வழங்குகின்றது. இயந்திரத்தின் இலக்கத்திலும் ஒரு நுட்பம் உண்டு. 1956இல் வெளிவந்த மைனர் 1000 காரின் 948 கன சென்ரிமீற்றர் இயந்திரம் உயர் அமுக்கம், தாழ் அமுக்கம் என இருவகையாகக் கிடைத்தது. முன்னதன் அமுக்க விகிதம் 8.3, பின்னதன் விகிதம் 7.2. இயந்திர இலக்கத்தோடு வரும் எச் அல்லது எல் என்ற ஆங்கில எழுத்து இன்ன வகை என்று காட்டும். தரங்குறைந்த பெற்றோல் கிடைக்கும் நாடுகளுக்குத் தாழ் அமுக்க இயந்திரமே பொருத்தமானது. விலைப்பட்டியலில் எவர் கண்ணிலும் படாத இத்தெரிவு முப்பதாண்டுகளின் பின் யாழ்ப்பாணத்தில் பெறவிருந்த முக்கியத்துவத்தை அன்று எவரும் எண்ணியிருக்க முடியாது.

வலிகாமத்தின் வடமேற்கில் உள்ள பண்டத்தரிப்பு, 1820ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷன் வைத்தியர் ஜோன் ஸ்கடர் வந்து மருத்துவப் பணி தொடங்கிய ஊர். சண்டிலிப்பாய், மானிப்பாய், ஆனைக்கோட்டை வழியாக யாழ்ப்பாண நகரம் ஏறக்குறைய பத்து மைல். 1950களில் அரசாங்க உத்தியோகத்தரும் ஆசிரியரும் மலாயாவிலிருந்து மீண்ட ஓய்வூதியரும் இப்பகுதியில் ஒஸ்ரின், மொறிஸ் கார்களை வாங்கினர். 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டு ஜப்பானிய வண்டிகள் வந்து குவிந்தபோது தென்னிலங்கையில் பழையன மெல்ல ஒதுங்கின. குடாநாட்டிலோ 1983இன் பின் மூண்ட போர் அவ்வொதுக்கத்தைத் தடுத்து நிறுத்திற்று. புதியன வர வழியில்லை. பழையன ஓடியே தீரவேண்டும்.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் அரும்பொருளாயிற்று. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்புவர். சூடேறியதும் மண்ணெண்ணெய் தொடரும். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. உயர் அமுக்கத்தைத் தாங்காது அடிக்கும். எரியாது எஞ்சியது கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்ய, பெயறிங்குகள் தேயும். தாழ் அமுக்க இயந்திரங்கள் இதனை ஓரளவு பொறுத்துக்கொண்டன. மற்றவற்றின் தலைப்பகுதிக்குக் கீழே இரட்டைக் கஸ்கெற் வைத்து அமுக்கத்தைக் குறைத்தனர் மெக்கானிக்குகள். ஏலக்காரரின் கணக்கில் இவையெல்லாம் பழுதுகள். ஆனால் இவையின்றேல் பிரசவ வேதனையில் துடித்த பெண்ணை இரவில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழி இருந்திராது.

இத்தகைய கார் ஒன்று பண்டத்தரிப்பில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் இருந்தது. அவருடைய தந்தையார் 1958இல் புதிதாக வாங்கிய மொறிஸ் மைனர் அது. முந்திய ஆண்டிலேதான் புதிய வாகனங்களின் இலக்கத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்து இடம்பெற்று, தமிழரசுக் கட்சியின் எதிர்ப்பு இயக்கமும் எழுந்திருந்தது. சிங்கள எழுத்தின் மேல் தமிழ் எழுத்தைப் பூசி, பின்பு அதனையும் அழித்த தடம் முன் தகட்டில் மங்கலாகத் தெரியும். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாம மக்கள் ஒருசேரப் பெயர்ந்தபோது கூரைமேற் பாயும் மூட்டையும் கட்டிக்கொண்டு அது தென்மராட்சிக்குச் சென்றது. அடுத்த ஆண்டில் குடும்பத்தோடு மீண்டது. மண்ணெண்ணெய் தின்ற இயந்திரம் அதன் பின் எழவில்லை. கழித்துப் போட்ட ஒஸ்ரின் ஏ 35 கார் ஒன்றின் இயந்திரத்தை எடுத்துப் பூட்டினார்கள். அதுவும் 948 கன சென்ரிமீற்றரே. வேறுபாடு இலக்கத்தில் மட்டும். பக்கவாட்டுக் கைகாட்டிகள் போய் மின்னும் விளக்குகள் வந்தன. செய்த மாற்றம் ஒவ்வொன்றையும் நாள், செலவு ஆகியவற்றோடு ஆசிரியர் ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதிவந்தார். அது கணக்கு எழுதும் பழக்கமேயன்றி வேறெந்த நோக்கத்தாலும் அன்று.

பேர்த்தி பல்கலைக்கழகம் புகும் காலத்தில் காரை விற்க நேர்ந்தது. கொழும்பிலிருந்து வந்தவர் பழைய கார்களைச் செப்பனிட்டு விற்பவர். வண்டியின் உடலில் துரு குறைவு என்று மகிழ்ந்தார். பதிவுப் புத்தகத்தைப் புரட்டியவர் இயந்திரத்தைக் குனிந்து பார்த்ததும் முகம் சுளித்தார்.

“ஐயா, புத்தகத்தில் ஓர் இலக்கம், இஞ்சினில் வேறு இலக்கம். பழைய இஞ்சின் இருக்கின்றதா?”

“இல்லைத் தம்பி. அது இரும்புக்குப் போய்விட்டது.”

“அதனாலென்ன? இலக்கம் இருப்பது ஒரு சின்னத் தகட்டில்தானே. புதுத் தகடு அடித்துப் பூட்டினால் புத்தகத்தோடு ஒத்துவிடும். பிறகு தோல் இருக்கையும் வெப்பமூட்டியும் வைத்து டீலக்ஸ் என்றே விற்கலாம். உங்களுக்கும் கூடத் தருவேன்.”

கூடத் தருவதாகச் சொன்ன தொகை பேர்த்தியின் ஓராண்டுச் செலவுக்கு ஈடானது. வீட்டில் அன்றிரவு நெடுநேரம் பேச்சு நடந்தது. இலக்கத்தை மாற்றுவதால் எவருக்கும் தீங்கில்லை என்றார் மகன். இயந்திரம் ஓடும், கார் அழகாகும், வாங்குபவர் மகிழ்வார், பிள்ளையும் படிப்பாள். ஆசிரியர் மறுமொழி கூறாது கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தார். பின்னர், “பண்டத்தரிப்பில் ஆருக்கடா வெப்பமூட்டி?” என்று கேட்டுச் சிரித்தார். மறுவாரம் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் இயந்திர மாற்றத்தைப் பதிந்து புத்தகத்தைத் திருத்துவதற்கான அலுவலைத் தொடங்கினார். கார் பின்பு குறைந்த விலைக்கு வேறொருவரிடம் சென்றது. கொப்பியும் அதனோடு சென்றது. குறைந்த தொகையை ஈடுசெய்ய வீட்டார் வளவில் நின்ற இரு மரங்களை விற்க வேண்டியதாயிற்று. நேர்மைக்கு இங்கே இலவசமாக ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆசிரியர் செய்தது வீண் பிடிவாதமா? இவ்விடத்து ஒரு வழக்கு நினைக்கத்தக்கது. 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் பிரான்சின் லு மான் ஓட்டப் போட்டியில் வென்ற பென்ற்லி கார் ஒன்று ‘ஓல்ட் நம்பர் வண்’ எனப் பெயர் பெற்றது. பின்னர் அதன் இயந்திரமும் உடலும் பலமுறை மாறின. 1932இல் அது விபத்துக்குள்ளாகி ஓட்டுநர் கிளைவ் டன்பி மாண்டார். மீண்டும் அது புதிய வடிவில் கட்டப்பட்டது. 1990இல் ஒரு கோடி பவுணுக்கு விற்க ஒப்பந்தமாயிற்று. வெற்றி பெற்ற காரின் உறுப்புகள் இதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை, ஆகவே இது அந்தக் கார் அன்று எனக் கூறி வாங்குவோர் பின்வாங்கினர். வழக்கை விசாரித்த ஒற்றன் என்னும் நீதியரசர், இடையறாத ஒரே வரலாறு உடைமையால் இது அந்தக் காரே எனத் தீர்ப்பளித்தார். உறுப்புகள் மாறினும் உயிர்த்தொடர் அறவில்லை என்பதே தீர்ப்பின் உட்பொருள்.

இக்கருத்து தமிழர்க்குப் புதியதன்று. குடமுழுக்குத்தோறும் கோயிற் கோபுரங்கள் வர்ணம் மாறுகின்றன, மண்டபங்கள் புதிதாகின்றன, ஆயினும் பூசை அறாத கோயில் அதே கோயில்தான். மைனருக்கும் இலங்கைக்கும் உள்ள உறவே இதற்கு மற்றொரு சான்று. 1990களில் இலங்கையிலே செய்யப்பட்ட மைனர் உடற்றகடுகள் இங்கிலாந்தின் பாத் நகரத்துக்குச் சென்று ஆங்கிலக் கார்களுக்கு உறுப்பாயின. யாழ்ப்பாணத்து மைனரில் ஒஸ்ரின் இயந்திரம். இங்கிலாந்தின் மைனரில் இலங்கைத் தகடு. எது அசல் என்று நிறுத்துப் பார்க்கும் தராசு அவ்வளவு எளிதில் நேர்நிற்பதில்லை.

ஆயினும் இதிலிருந்து எல்லா மாற்றமும் சரியே என்ற முடிவுக்கு வருதல் தவறு. வரலாறு இடையறாது இருத்தல் வேண்டும். அது மறைக்கப்படாதும் இருத்தல் வேண்டும். 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை பண்டத்தரிப்பை அடுத்த வட்டுக்கோட்டையிற் கற்றவர். ஏடுகள் ஒடிந்தும் சிதைந்தும் கிடந்த நிலையை அவருடைய பதிப்புரைகள் எடுத்துரைக்கின்றன. சிதைவைச் சிதைவென்று சொல்லும் பதிப்பை நம்பலாம். சிதைந்த இடத்தில் சொந்த வரியை எழுதிப் புலவர் வாக்கென்று காட்டுவது மோசடி. புதிய இயந்திரம் பாடபேதம். பொய்த் தகடு இடைச்செருகல். முன்னது காரின் வாழ்வு. பின்னது காரின் வாயில் திணிக்கப்பட்ட பொய்.

பண்டத்தரிப்பிலும் அயலிலும் இன்னும் சில பழைய கார்கள் எஞ்சியுள்ளன. அவற்றைச் செப்பனிட்டுப் பிறந்த கோலத்துக்கு மீட்க விரும்புவோர் உளர், அவ்விருப்பம் குற்றமன்று. ஆனால் மண்ணெண்ணெய்க் கரி படிந்த காபரேற்றரையும் இரட்டைக் கஸ்கெற்றையும் எறிவதற்கு முன் அவற்றை எழுதிவைத்தல் கடமையாகும். எந்த ஆண்டில், எந்தத் தேவைக்காக, எவர் கையால் அம்மாற்றம் நிகழ்ந்தது என்ற செய்தி கேய்டனின் பேரேட்டிற் கிடையாது. தொழிற்சாலை அளித்த தெரிவுகள் அங்கே பதிவாகியுள்ளன. காலம் வேறு தெரிவின்றிச் செய்வித்தவை இங்கேதான், ஒரு சில அப்பியாசக் கொப்பிகளிலும் முதியோர் நினைவிலும் உள்ளன. ஏட்டைக் கறையான் அரித்த பின் பதிப்பாசிரியர் வந்து பயனில்லை.