கூலிக்கு ஒரு நடை, ஆசைக்கு ஒரு நடை

குவாலா சிலாங்கூர்க்காரர்களுக்கு மலை என்றால் புக்கிட் மெலாவத்திதான். 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்துப் பீரங்கி ஏற்றி வைத்த குன்று அது. உச்சியில் 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது. குரங்குகளுக்குக் கடலையை நீட்டிக்கொண்டே ஏறினால் சட்டை நனைவதற்குள் மேலே போய்விடலாம். மற்றபடி எங்கள் சீமை தட்டை. ஜெராமிலிருந்து சபாக் பெர்ணம் வரை கடலோரம் முழுக்கச் செம்பனையும் நெல்வயலும்தான். வானம் வெளுத்த காலைகளில் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் நீலமாகத் தெரியும். மழை வருமா, துணி காயப்போடலாமா என்று பார்ப்பதற்கு மேல் அந்த மலையோடு எங்களுக்குப் பெரிய கொடுக்கல் வாங்கல் இருந்ததில்லை.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து நாங்கள் எவரெஸ்ட் அடிவார முகாமுக்குக் கிளம்பினோம். எங்களில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர்; எல்லாருக்கும் அவர் வாத்தியார் அண்ணன். இன்னொருவர் அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்த அக்கா. செம்பனைக் குலை ஏற்றும் லாரி வைத்திருக்கும் என் மச்சான். இப்படி எல்லாருமே பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களில் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். ஆசையைக் கிளப்பிவிட்டவர் வாத்தியார் அண்ணன். 1997 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியில் முதலில் கால் வைத்த மலேசியர்கள் மகேந்திரனும் மோகனதாசும். இரண்டுமே நம் வீட்டுப் பெயர்கள். அந்தச் செய்தி வந்த காலத்தில் அண்ணன் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைப் பலமுறை சொன்னாராம். "பிள்ளைங்களுக்குச் சொல்லிட்டு நாம பார்க்காம இருந்தா எப்படி?" என்பது அவர் கட்சி.

கோலகுபு பாருவுக்குப் பக்கத்தில் புக்கிட் கூத்துவில் ஏறிப் பழகினோம். ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேல். வெள்ளைக்காரத் துரைமார் குளிர்காய்ந்த பங்களாவின் புகைபோக்கி மட்டும் இன்னும் காட்டுக்குள் நிற்கிறது. அட்டைக்கடி, வேர், வழுக்கல். அங்கே மூச்சு வாங்கினாலும் உட்கார்ந்தால் சரியாகிவிடும். இமயமலையில் உட்கார்ந்தாலும் வாங்கும். அடிவார முகாம் 5,364 மீட்டர். கடல் மட்டத்தில் கிடைக்கும் உயிர்வாயுவில் ஏறக்குறைய பாதிதான் அங்கே கிடைக்கும். அதனால் உடம்பு பழகப் பழக, ஊர் ஊராகத் தங்கித் தங்கித்தான் போகவேண்டும்: லுக்லா, நாம்சே, தெங்போசே, டிங்போசே, லொபுசே. வேகமாக நடப்பவனுக்குத்தான் தலைவலி முதலில் வரும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போன மச்சானை அக்கா இரண்டே வார்த்தையில் பின்னுக்கு இழுத்தார்: "டேய், மெல்ல." மருத்துவமனையில் நாற்பது பேர் வார்டை அடக்கிய குரல் அது.

காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கடற்கரையில் காற்று என்றால் சுமத்ரா காற்று. மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் அடிக்கும். தகரக் கூரை அதிரும், வாழை சாயும், பின்னாலேயே மழை கொட்டும். அன்றைக்கு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டு கிடையாது, அன்றைய கூலியும் கிடையாது. ஆனாலும் அது வந்து போகிற காற்று. டிங்போசேக்கு மேல் வீசுகிற காற்று நாள் தவறுவதில்லை. மத்தியானத்துக்கு மேல் பள்ளத்தாக்கு வழியாக ஏறி வரும். ஈரம் துளியும் கிடையாது. உதடு வெடிக்கும், தொண்டை வறளும், இரவெல்லாம் வறட்டு இருமல் வரும். பக்கத்தில் நடப்பவரோடு பேச வேண்டுமென்றாலும் கத்த வேண்டும். கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றுவிடும். அப்புறம் முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்தபடி நடப்பதுதான்.

அப்படித் தலை குனிந்து நடந்ததில்தான் சுமைக்காரர்களின் கால்களைக் கவனித்தேன். தேய்ந்த சப்பாத்து, புடைத்த கெண்டைக்கால். முதுகில் மூங்கில் கூடை. அதன் பாரம் முழுவதும் நெற்றியில் போட்ட ஒரு பட்டையில் தொங்குகிறது. கூடையில் எரிவாயுக் கலன், அரிசி மூட்டை, ஒட்டுப்பலகை, பெட்டி பெட்டியாகப் பானம். எங்கள் பைகளும் அப்படித்தான் வந்தன. கையில் குட்டையாக ஓர் ஊன்றுகோல், அதன் தலையில் ஒரு குறுக்குக்கட்டை. களைத்தால் சுமையை இறக்குவதில்லை. இறக்கினால் மறுபடி தூக்க ஆள் வேண்டும். அந்தக் கோலைக் கூடைக்கு அடியில் முட்டுக்கொடுத்து, நின்ற இடத்திலேயே நீளமாக ஒரு மூச்சு விடுகிறார்கள். அந்த மூச்சு சீழ்க்கை போல ஒலிக்கும். பிறகு நடை.

கடைகளுக்குச் சரக்கு ஏற்றுகிறவர்களுக்குக் கிலோ கணக்கில் கூலி என்று வழிகாட்டி சொன்னார். அவர்களில் பலர் ஷெர்ப்பாக்கள் அல்ல. ராய், தமாங், மகர் என்று கீழ்மலைக் கிராமங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதைக் கேட்டதும் வாத்தியார் அண்ணன் நின்றுவிட்டார். "நம்ம ஆளுங்க தம்பி" என்றார். அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் பாட்டிமார் நிரை நிரையாக ஐந்நூறு மரம் வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கட்டையின் இருமுனையிலும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடந்தவர்கள். வழியில் சிந்தினால் கூலி சிந்தியது. அங்கேயும் தராசு, எடைக் கணக்கு, கிராணியின் புத்தகம். அவர்களும் எங்கிருந்தோ வந்தவர்கள்தான். வாழ்நாளில் அவர்கள் நடந்த தூரத்தைக் கூட்டிப் பார்த்தால் எத்தனை இமயமலை வருமோ! ஆனால் அதை யாரும் சாகசம் என்று சொன்னதில்லை. அதற்குப் பெயர் வேலை.

லொபுசேக்கு மேலே கோரக் ஷெப்பில் தங்கிய இரவு, விடியுமுன் காலா பத்தர் மேட்டுக்கு ஏறினோம். அடிவார முகாமில் நின்றால் எவரெஸ்ட் உச்சி தெரியாது, முன்னால் உள்ள மலைகள் மறைத்துவிடும்; அதற்காகத்தான் இந்த மேடு. கும்மிருட்டு, முகத்தை அறுக்கும் காற்று. ஒவ்வொருவர் நெற்றியிலும் ஒரு விளக்கு. கீழே திரும்பிப் பார்த்தால் புள்ளி புள்ளியாக வரிசை. அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார்: "பெரட்டுக்குப் போற மாதிரியே இருக்குப்பா." உண்மைதான். சின்ன வயதில் லயத்து வாசலில் நின்று, விடியற்காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு நெற்றி விளக்கோடு பால்மரக் காட்டுக்குள் பிரிந்து போன அம்மாக்களை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஒரே ஒரு வித்தியாசம்: எங்களுக்குப் பெயர் கூப்பிட அங்கே கங்காணி இல்லை. திரும்பிவிடலாம் என்று நினைத்தால் திரும்பிவிடலாம். மூன்று தலைமுறையில் நாங்கள் சம்பாதித்தது இதுதான் என்று தோன்றியது. வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்ளக்கூடிய நடை.

முகாமுக்குப் போகும் வழியில் உள்ள கும்பு பனியாறு வெள்ளை வெளேரென்று இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனவர்களுக்கு முதலில் ஏமாற்றம்தான். மலையிலிருந்து உதிர்ந்த கல்லும் மண்ணும் மேலே மூடிக் கிடக்க, ஏதோ குவாரிக்குள் நுழைந்ததுபோல இருந்தது. "பனி எங்கே?" என்று மச்சான் கேட்டு முடிக்கவில்லை, காலடியில் ஒரு கல் உருண்டு, கீழே சாம்பல் நிறப் பனிச்சுவரில் மோதி, பச்சை நீர்க்குட்டையில் விழுந்தது. நாங்கள் நின்றுகொண்டிருந்ததே பனிமேல்தான். அந்தக் குட்டைகள் பெருகிப் பெருகி ஏரியானால் ஆபத்து. 2024 ஆகஸ்டில் இதே வட்டாரத்தில் பனியேரி உடைத்துக்கொண்டு தாமே கிராமத்துக்குள் புகுந்தது. கோலகுபுவும் 1883இல் அணை உடைந்து வெள்ளத்தில் போன ஊர்தான். பெயரோடு, புதிது என்ற பொருளில், 'பாரு' ஒட்டிக்கொண்டதும் ஊர் பிற்பாடு இடம் மாறியதால்தான். மேலே தேங்குகிற தண்ணீருக்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்ற கவலை கிடையாது.

அடிவார முகாமுக்கு மேலே நீலமும் வெள்ளையுமாகச் சரிந்து நிற்கிறது பனியருவி. 2014 ஏப்ரல் 18 அன்று அங்கே பனிச்சரிவில் இறந்த 16 பேரும் நேப்பாளத் தொழிலாளர்கள். வெளிநாட்டு ஏறுநர்களுக்காக வழியமைத்துச் சுமை கொண்டுபோன நேரம். 1953இல் ஹில்லாரி, டென்சிங் குழுவுக்காக 350க்கும் மேற்பட்டோர் மூட்டை தூக்கினார்கள். டென்சிங்கே 1935இல் சுமைக்காரராகத்தான் முதன்முதலில் எவரெஸ்ட் பக்கம் வந்தார். அவர் பெயர் நின்றது. மற்றவர்கள் பெயர்கள் கூலிப் பட்டியலோடு போயின. தோட்டத்துப் பிள்ளைகளான எங்களுக்கு அந்தக் கணக்கு புதிதல்ல.

லுக்லாவில் இறங்கி, மிச்சமிருந்த நெத்திலிச் சம்பலைப் பருப்புச் சோற்றோடு எல்லாரும் பங்குபோட்ட இரவில் பேச்சு சுமைக்காரர்களைச் சுற்றியே வந்தது. மச்சான் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "நாம வர்றதாலதானே அவங்களுக்கு வேலை? வராம இருந்தா நல்லதா?" நியாயமான கேள்வி. தோட்டம் இல்லாவிட்டால் நம் தாத்தாவுக்குச் சோறு ஏது என்று துரைமாரும் கேட்டிருப்பார்கள். வாத்தியார் அண்ணன் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது: "வேலை குடுக்குறது புண்ணியம் இல்ல தம்பி. எவ்வளவு பாரம், எவ்வளவு கூலி, விழுந்தா யாரு பார்ப்பா? இதக் கேக்குறதுதான் மரியாத. நம்ம தாத்தாவுக்காக அத யாரும் கேக்கல. தொழிற்சங்கம் வந்துதான் கேட்டுச்சு."

இப்போது ஊரில் புதிதாக யாராவது இமயமலைக்குப் போக வேண்டும் என்று எங்களிடம் வந்தால், சப்பாத்து, மாத்திரை, குளிர்சட்டைப் பட்டியலுக்கு முன்னால் பயண ஏற்பாட்டாளரிடம் கேட்கச் சில கேள்விகளை எழுதிக் கொடுக்கிறோம். சுமைக்காரருக்குக் காப்புறுதி உண்டா, ஒருவர் தலைக்கு எத்தனை கிலோ, மேலே அவர் எங்கே படுப்பார், கம்பளி யார் கொடுப்பார்கள். பதில் சொல்ல மழுப்புகிற இடத்தில் முன்பணம் கட்டாதே என்கிறோம். சரியாகச் செய்கிறவர்களிடம் கொஞ்சம் ரிங்கிட் கூடத்தான் ஆகிறது. மச்சான் அதற்கும் முணுமுணுக்கிறான். ஆனால் அந்தக் கேள்விகளைச் சுத்தமாக எழுதிப் படியெடுத்து, வருகிறவர்களுக்கெல்லாம் நீட்டுகிறவனும் அவன்தான்.