எட்டு வீட்டு ஊர்

வெளியூர் போனால் கோபுரம் பார்ப்போம், கோட்டை பார்ப்போம், கடைத்தெருவையும் ஒரு சுற்றுச் சுற்றுவோம். ஊரே இல்லாத ஓர் ஊரைப் பார்க்க நான் போனேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். என் மாப்பிள்ளையும் சிரிக்கத்தான் செய்தார்.

பெண்ணும் மாப்பிள்ளையும் செக் நாட்டில், பிராக் நகரத்தில் இருக்கிறார்கள். போன வருஷம் இரண்டு மாதம் அவர்களோடு தங்கியிருந்தேன். பக்கத்திலுள்ள லிடிட்சே கிராமத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, “இதே கதி இன்னொரு சின்ன ஊருக்கும் வந்ததம்மா. லெஷாக்கி என்று பெயர்” என்றாள் பெண்.

“அங்கே பார்க்க ஒன்றுமே கிடையாது, அத்தை. ‘லெஷாக்’ என்று ஹோட்டலில் சொன்னால் பீர் கொண்டு வந்து வைப்பார்கள். அதுதான் அந்தப் பெயருக்குள்ள மகிமை!” என்றார் மாப்பிள்ளை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துவிட்டார், பாவம்!

பிராகிலிருந்து கிழக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். சமவெளி முடிந்து பூமி அலை அலையாக எழும்பும் மேட்டுநிலம் அது. பக்கத்துக் குன்றுத் தொடருக்கு ‘இரும்பு மலைகள்’ என்று பெயர். மலை என்றதும் நம் நீலகிரியை நினைத்துக்கொள்ளாதீர்கள். காடு மூடிய தணிந்த குன்றுகள்தான். அங்கங்கே கருங்கல் குவாரிகள். பள்ளத்தில் ஒரு சிற்றோடை, அதன் கரையில் ஒரு மாவு மில், சுற்றிலும் எட்டு வீடுகள், இவ்வளவுதான் லெஷாக்கி. கல் உடைப்பவர்களும் துண்டு நிலம் வைத்திருந்தவர்களுமாக ஏழை ஜனங்கள் அங்கே குடியிருந்தார்கள்.

1939 மார்ச்சில் ஹிட்லரின் படை அந்த நாட்டைப் பிடித்துக்கொண்டது. 1941 டிசம்பர் கடைசியில், இங்கிலாந்திலிருந்து வந்த விமானம் ஒன்று இரவோடு இரவாகச் சில செக் வீரர்களைப் பாரசூட்டில் இறக்கிவிட்டுப் போயிற்று. அவர்களில் ஒருவரான யிர்ஷி பொட்டூச்செக், லண்டனுக்குச் செய்தி அனுப்பும் ரேடியோக்காரர். அவருடைய கருவிக்கு ‘லிபுஷே’ என்று பெயர். பிராக் நகரம் எழும்பும் என்று குறி சொன்னதாகக் கதைகளில் வரும் ராணியின் பெயர் அது. அந்த ராணியை ஒளித்துவைத்துக் காப்பாற்றியது எந்த அரண்மனை என்கிறீர்கள்? பக்கத்துக் கல்குவாரியும், இந்த ஊர் மாவு மில்லும்!

1942 மே 27-ந் தேதி, அதே விமானத்தில் வந்திறங்கிய வேறு இருவர் பிராகில் நாஜி அதிகாரி ஹைட்ரிக்கைத் தாக்கினார்கள். ஜூன் 4-ந் தேதி அவன் செத்தான். ஜூன் 10-ந் தேதி லிடிட்சே அழிந்தது. அந்த ஊருக்கும் தாக்குதலுக்கும் சம்பந்தமே கிடையாது. லெஷாக்கியின் கதை அப்படியல்ல. பாரசூட் வீரர்களில் ஒருவனே போலீசிடம் போய்க் காட்டிக்கொடுக்க, வலை இறுகி இறுகி இந்த மில் வாசலுக்கு வந்து நின்றது.

ஜூன் 24-ந் தேதி போலீஸ் ஊரை வளைத்தது. வீடுகளைச் சூறையாடித் தீ வைத்தார்கள். ஆணும் பெண்ணுமாக 33 பேரைப் பார்துபிட்சே நகருக்குக் கொண்டுபோய் அன்று மாலையே சுட்டுக் கொன்றார்கள். குழந்தைகள் 13 பேர். அவர்களில் அக்காள் தங்கை இருவரை மட்டும் ஜெர்மானியராக வளர்க்கலாமென்று பொறுக்கி எடுத்தார்கள். யுத்தம் முடிந்தபின் அந்த இருவரும் உறவினரிடம் வந்து சேர்ந்தார்கள். மற்றப் பதினொரு குழந்தைகளும் ஹெல்ம்னோ முகாமில் விஷவாயுவுக்குப் பலியானார்கள். பொட்டூச்செக்கும் பிழைக்கவில்லை. ஜூலை 2-ந் தேதி அவரும் சுடப்பட்டார்.

யுத்தத்துக்குப் பிறகு லிடிட்சேக்குப் பெண்களில் பலர் முகாமிலிருந்து திரும்பினார்கள். பழைய ஊருக்குப் பக்கத்தில் புது ஊர் எழும்பிற்று. லெஷாக்கியில் பெண்களையும் அல்லவா சுட்டுவிட்டார்கள்? அடுப்பு மூட்ட யார் வருவார்கள்? ஊரைத் திரும்பக் கட்டவே இல்லை. வீடு இருந்த இடங்களில் கருங்கல்லால் நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். ‘கல்லறை வீடு’ என்று பொருள்படும்படி அவற்றுக்குப் பெயர். நடுவே பசும்புல், ஓரத்தில் அதே ஓடை.

ஒரு கல்லின் பக்கத்தில் நெடுநேரம் நின்றேன். எனக்கு ஒரு பழைய ராத்திரி ஞாபகம் வந்தது. பல வருஷங்களுக்கு முன், கொட்டுகிற மழையில் பக்கத்து வீட்டுப் பெண் என் கதவைத் தட்டினாள். புருஷன் அடித்துத் துரத்திவிட்டான். “அக்கா, இன்று ஒரு ராத்திரி மட்டும்” என்று அவள் கெஞ்சியது காதில் விழத்தான் விழுந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். ‘குழந்தைகள் இருக்கிற வீடு, நமக்கேன் வம்பு?’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். விடிந்து பார்த்தபோது அவள் இல்லை. பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவள் முகத்தை மறுபடி நான் பார்க்கவில்லை.

இந்த ஊரிலும் குழந்தைகள் இருந்தார்கள். கதவைத் திறந்தால் என்ன நேரும் என்பது அந்த மில்காரருக்குத் தெரியாதா? தெரிந்தேதானே திறந்தார்?

திரும்பும் வழியில் மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, “பார்க்க ஒன்றுமே இல்லை என்று சொன்னேனே, அத்தை” என்றார் மெதுவாக. அவர் குரலில் சிரிப்பு இல்லை.

உங்கள் வீட்டுக் கதவையும் யாராவது ஒரு நாள் தட்டக்கூடும். தாழ்ப்பாளில் கை வைக்கும்போது அந்த மில்லைச் சற்று நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது காலம் கடந்து தெரிந்தது.