மெயினை அணைத்த பிறகும்

"இறந்தவர் என்னிடம் தொழிலாளியாக இருக்கவில்லை. வேலை கற்றுக்கொள்ள வந்த பையன். கைச்செலவுக்குக் கொஞ்சம் கொடுத்தேன், அவ்வளவுதான்."

எதிர்மனுதாரரின் பதிலுரை பல பத்திகள் ஓடினாலும் சாரம் இதுதான். அவர் மதுரையில் வீடுகளுக்கு ஒயரிங் செய்துகொடுக்கும் சிறு காண்ட்ராக்டர். இறந்தவனுக்கு 19 வயது. 2016 கோடையில், ஒரு மாடி வீட்டு ஹாலில் புதிதாக ஒரு ஃபேன் பாயின்ட் இழுக்கும்போது மின்சாரம் தாக்கி இரும்பு ஏணியிலிருந்து விழுந்தான். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அவனுடைய அம்மா என்னைப் பார்க்க வந்தபோது பணத்தைப் பற்றி முதலில் பேசவில்லை. "எம்புள்ள மெயினை அணைக்காம ஏறிட்டான்னு எல்லாரும் சொல்றாக வக்கீலய்யா. அவன் அப்படிச் செய்யிறவன் இல்ல" என்றார். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

சட்டத்தின் கண்ணில் அந்தக் கேள்வி அவசியமே இல்லை. அப்போது நடைமுறையில் இருந்த ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், 1923-இன்படி வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நடந்ததென்று காட்டினால் போதுமாக இருந்தது. முதலாளி தவறு செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. மரணம் நேர்ந்துவிட்டால், இறந்தவரின் கவனக்குறைவைக் காட்டி முதலாளி தப்பிக்கவும் முடியாது. ஆனாலும் அந்தத் தாய் கேட்டதை ஒதுக்கிவிட்டு, தொகையை மட்டும் வாங்கிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் பெயர் மீது விழுந்த பழியையும் சேர்த்தே வாதாடுவதென்று முடிவு செய்தேன்.

அன்று அவனோடு வேலைக்குப் போன இன்னொரு பையனைத் தேடிப் பிடித்தோம். அவனுக்கும் ஏறக்குறைய அதே வயது. சாட்சிக் கூண்டில் நடுக்கத்தோடுதான் பேசினான். ஆனால் சொன்னது தெளிவாக இருந்தது. "மெயினை அணைச்சதை நான் பார்த்தேன் சார். ஃபிரிட்ஜ் சத்தம் நின்னுச்சு. அப்புறந்தான் ஏணியில ஏறினான்."

மெயினை அணைத்த வீட்டில் மின்சாரம் எங்கிருந்து வந்தது? பதில் மின் ஆய்வாளரின் அறிக்கையில் இருந்தது. மின்சாரச் சட்டம், 2003-இன் 161-ஆம் பிரிவு இத்தகைய விபத்துகளைப் பற்றி ஆய்வாளர் விசாரிக்க வழி செய்கிறது. அந்த வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. ஹால் ஃபேனும் விளக்கும் அதன் இணைப்பில்தான் ஓடின. மெயினை அணைத்ததும் இன்வெர்ட்டர் அதைக் கரண்ட் போய்விட்டதாக எடுத்துக்கொண்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டை அதே ஒயருக்குள் அனுப்பியிருக்கிறது. அங்கிருந்த மெயின், பேஸை மட்டும் துண்டிக்கும் வகை, நியூட்ரல் துண்டிக்கப்படவில்லை. கீழே அப்போதுதான் துடைத்த ஈரத் தரை. பையன் காலில் செருப்பில்லை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பை அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி. அந்த வீட்டில் இல்லை. இருந்திருந்தாலும், மெயின் பக்கம் மட்டும் பொருத்தினால் இன்வெர்ட்டரிலிருந்து வரும் மின்சாரத்தை அது காவல் காக்காது. இன்வெர்ட்டரின் வெளியீட்டுப் பக்கத்தில் தனியாக ஒன்று வேண்டும். இதையெல்லாம் ஆய்வாளரிடம் உட்கார்ந்து கேட்டுத்தான் நான் புரிந்துகொண்டேன்.

ஆக, அந்தப் பையன் தனக்குச் சொல்லிக்கொடுத்ததைப் பிசகாமல் செய்திருக்கிறான். சொல்லிக்கொடுத்தது அத்தோடு நின்றுவிட்டது.

காண்ட்ராக்டரைக் குறுக்கு விசாரணை செய்தபோது, இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று பையன்களுக்கு எப்போதாவது சொன்னீர்களா என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "எங்க குரு எனக்குச் சொன்னதை நான் அவங்களுக்குச் சொன்னேன் சார். மெயினை அணை, அப்புறம் கை வை. நான் தொழில் கத்துக்கிட்டப்போ ஒரு வீட்டுலயும் இன்வெர்ட்டர் கிடையாது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று அப்போதும் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். 2008-க்குப் பிந்தைய மின்வெட்டு ஆண்டுகளில்தான் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு இன்வெர்ட்டர் நுழைந்தது. வீட்டு ஒயரிங் மாறிப்போயிற்று. குருவிடமிருந்து சிஷ்யனுக்கு வந்த பாடம் மட்டும் பழைய வீட்டுக்கானதாகவே இருந்தது.

இனி வழக்கின் முடிச்சுக்கு வருகிறேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அனுபவசாலி. பழகுநர் சட்டம், 1961-இன் 18-ஆம் பிரிவை நீட்டினார். பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர் என்கிறது அந்தப் பிரிவு. என் பதில் இரண்டு. முதலாவது, சட்டம் சொல்லும் பழகுநருக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும், அது பழகுநர் ஆலோசகரிடம் பதிவாக வேண்டும். இங்கே ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இரண்டாவது, அவனைப் பழகுநர் என்றே வைத்துக்கொண்டாலும் அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு, பயிற்சியில் நேரும் விபத்துக்கு முதலாளியே இழப்பீடு தர வேண்டும் என்கிறது. எந்த வழியில் போனாலும் அவர் பொறுப்பிலிருந்து விலக முடியாது.

ஆனால் வழக்கைத் தீர்த்துவைத்தது இந்த வாதங்களைவிட ஒரு பில். வீட்டுக்காரரைச் சாட்சியாக அழைத்திருந்தோம். (அவர் மீது ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் வழக்குப் போட இடமிருக்கவில்லை. ஒயரிங் அவருடைய தொழில் அல்ல. தன் வீட்டு வேலையைத்தான் ஒப்படைத்திருந்தார்.) காண்ட்ராக்டர் எழுதிக்கொடுத்த பில்லை அவர் பத்திரமாக வைத்திருந்தார். அதில் பாயின்ட் கூலிக்கும் சாமான்களுக்கும் கீழே, "ஆள் கூலி - 2" என்று தனியாகப் போட்டு, இரண்டு பையன்களுக்கும் முழுக் கூலி வாங்கப்பட்டிருந்தது. வீட்டுக்காரரிடம் காசு வாங்கும்போது ஆளாக இருந்தவன், ஆணையர் முன்னால் வந்ததும் எப்படிப் பயிற்சிக்கு வந்த பையனாக மாறினான் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

தொழிலாளர் துணை ஆணையர் அவனை ஊழியன் என்றே தீர்மானித்தார். நாளுக்கு 350 ரூபாய் கூலி என்பது சாட்சியத்தில் நிலைத்தது. 26 நாளுக்குக் கணக்கிட்டால் 9,100 வரும். ஆனால் அப்போது சட்டம் ஏற்ற மாதச் சம்பள உச்சவரம்பு 8,000 ரூபாய்தான். (2020 ஜனவரியில்தான் அது 15,000 ஆனது.) அதில் பாதி 4,000, 19 வயதுக்குரிய காரணி 225.22. பெருக்கினால் 9,00,880 ரூபாய். ஈமச் செலவும் 12 சதவீத வட்டியும் சேர்ந்தன. அபராதம் விதிக்கப்படவில்லை. அதற்காக மேல்முறையீட்டுக்குப் போக அந்த அம்மா விரும்பவில்லை. காண்ட்ராக்டரும் போகவில்லை, இருந்த ஒரு மனையை விற்றுப் பணத்தைக் கட்டினார். இழப்பீட்டுக்கான காப்பீடு ஒன்று எடுத்திருந்தால் அந்த மனை தப்பியிருக்கும். இன்றும் சிறு காண்ட்ராக்டர்கள் பலருக்கு அப்படியொரு காப்பீடு இருப்பதே தெரியவில்லை.

உத்தரவில் ஒரு வாக்கியம் உண்டு: இறந்தவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டே வேலையைத் தொடங்கியிருக்கிறார். தொகையைச் சொன்னபோது தலையை மட்டும் அசைத்த அந்த அம்மா, இதைப் படித்துக் காட்டியபோது இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

இந்த வழக்குக்குப் பிறகு, வீட்டு ஒயரிங் பழகும் பையன்களுக்கு நம் ஏற்பாடுகள் என்ன தருகின்றன என்று தேடிப் பார்த்தேன். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவு இரண்டு ஆண்டு. அங்கே போகிறவன் அதிர்ஷ்டசாலி. போகாதவன் யாராவது ஒருவரின் பின்னால் பை தூக்கிக்கொண்டு போகிறான். மின்கம்பியாள் உதவியாளர் தகுதித் தேர்வு எழுத 21 வயதும் ஐந்து ஆண்டு அனுபவமும் வேண்டும் என்பது விதி. அந்த ஐந்து ஆண்டில் அவன் என்ன கற்றான், யார் கற்பித்தார் என்று கேட்பார் இல்லை. பழகுநர் சட்டமோ, 2019-இல் விதியைத் தளர்த்திய பிறகும், நான்கு பேருக்குக் குறைவாக உள்ள இடத்தை எட்டிப் பார்ப்பதில்லை. வீட்டு ஒயரிங் காண்ட்ராக்டர்களில் அதிகம் பேர் இரண்டு, மூன்று பையன்களை வைத்துத் தொழில் செய்கிறவர்கள்தான்.

குழாய் பதிக்கவும் சுவிட்ச் பாக்ஸ் வெட்டவும் ஒயர் இழுக்கவும் முதல் ஆண்டிலேயே கை பழகிவிடும். உயிரைக் காக்கும் பாடம் அதற்கு அடுத்தது. ஒரு வீட்டுக்குள் மின்சாரம் எத்தனை வழியாக வருகிறது என்று கண்டுபிடிப்பது, ஒவ்வொன்றையும் துண்டிப்பது, வேறு யாரும் போட்டுவிடாமல் பூட்டுவது, டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு ஒயரில் வைப்பது, எர்த் சரியா என்று அளப்பது. இறந்த பையனின் சட்டைப் பையில் டெஸ்டர் இருந்தது. மெயினைத்தான் அணைத்தாயிற்றே என்று அதை எடுக்கவில்லை.

இப்போது கூரைகளில் சோலார் ஏறிக்கொண்டிருக்கிறது. 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீடுகள். வெயில் இருக்கும்வரை பேனலிலிருந்து இறங்கும் டி.சி. ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். மெயினை அணைப்பதால் அது போகாது. இந்த வேலைக்கும் இதே வயதுப் பையன்கள்தான் ஏணி ஏறுகிறார்கள்.

மாவட்டந்தோறும் உள்ள அரசு ஐ.டி.ஐ.களில், இரண்டு ஆண்டு வேலை பழகிய பையன்களுக்கு மாலை நேரத்தில் சில வாரப் பயிற்சி நடத்தலாம்: இன்வெர்ட்டர், ஆர்.சி.சி.பி., சோலார், முதலுதவி. கட்டடமும் இருக்கிறது, ஆசிரியர்களும் இருக்கிறார்கள். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை இதைச் செய்ய வேண்டும். அதுவரை, வீட்டில் எலக்ட்ரீஷியன் வேலை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிறவரிடம் உரிமம் உள்ளதா என்று கேளுங்கள். பையன்களை மட்டும் விட்டுவிட்டுப் போனால் வேலையை நிறுத்திவையுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பதைச் சொல்லி, அவர்கள் ஏணியில் கால் வைக்கும் முன் நீங்களே அதை அணைத்துவிடுங்கள்.