குவெண்டாவும் பெருச்சாளியும்

மேரு, கிள்ளான்

அன்புத் தம்பிக்கு,

பாப்பா ரோட்னெஸ்ட் தீவில் குவோக்காவோடு சிரிக்கிற படம் புலனத்தில் வந்தது. அம்மா கைப்பேசியைக் கீழே வைக்கவே இல்லை. படத்துக்குக் கீழே ‘பெரிய எலி’ என்று எழுதியிருந்தாய். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

1696இல் அந்தத் தீவில் இறங்கிய டச்சு மாலுமி விளாமிங்கும் குவோக்காவை எலி என்றே எண்ணி, தீவுக்கு எலிக்கூடு என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். உங்கள் மேற்கு ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளான நூங்கார் மக்களுக்கு அந்தத் தீவு வாஜமப். குவோக்கா என்பதும் அவர்கள் வைத்த பெயர்தான். 1838இல் வெள்ளையர்கள் அந்தத் தீவையே பூர்வகுடி ஆண்களுக்குச் சிறையாக்கினார்கள். முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கேயே மாண்டார்கள். பாப்பா கொஞ்சம் வளர்ந்ததும் இதையும் சொல்லிவிடு.

உன் வீட்டுப் புல்தரையை இராத்திரியில் தோண்டிப்போடுவதாகச் சொன்னாயே, அதை அங்கே பாண்டிகூட் என்கிறார்கள். அது தெலுங்கு ‘பந்திகொக்கு’. பன்றி எலி, நம் பெருச்சாளி! இந்தியாவிலிருந்து வெள்ளைக்காரன் கொண்டுபோன பெயர், எலி இனமே இல்லாத ஒன்றின்மேல் ஒட்டிக்கொண்டது. நூங்கார் மொழியில் அது குவெண்டா. கங்காருவைப் போல வயிற்றில் பை உண்டு. ஆனால் பையின் வாய் பின்பக்கம் திறக்கும், தோண்டும்போது குட்டிமேல் மண் விழாது. பையுள்ள இன்னொரு பிராணியான வொய்லியும் அப்படித் தோண்டித்தான் மண்ணுக்கடியில் விளையும் காளானைத் தின்னும். உங்கள் மாநிலச் சின்னமான நும்பாட், கறையான் தின்று பிழைக்கும் வரிப்பிராணி. குவெண்டா, வொய்லி, நும்பாட் எல்லாமே நூங்கார் பெயர்கள். அந்தக் காட்டோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் சொன்னவை.

இங்கே மட்டும் என்ன? கேரித் தீவுக்கு ஒரு தோட்டத்துரையின் பெயர். நம்மவர்களும் அங்கே பால்மரம் வெட்டப் போனவர்கள்தாம். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே மா மெரி என்னும் பூர்வகுடி மக்கள் அங்கே இருக்கிறார்கள். சுங்கை பும்புன் கம்போங்கில் அவர்கள் நியிரே பத்து என்னும் மரத்தில் செதுக்கும் சங்கிலிப் புலியைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தமிழ்ப்பள்ளியில் இத்தனை வருடம் பாடம் நடத்தியும், புலிக்கு அவர்கள் மொழியில் என்ன பெயர் என்று ஒரு பிள்ளைக்கும் நான் சொல்லித் தந்ததில்லை. அது எனக்கு உறுத்துகிறது. அடுத்த பள்ளி விடுமுறையில் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வருவேன்.

நீயும் பெர்த்தில் இருக்கும் நூங்கார் பூஜார் மொழி மையத்துக்குப் பாப்பாவைக் கூட்டிப்போ. குவெண்டாவை அவர்கள் வாயால் சொல்லக் கேட்டு, குரலைப் பதிவுசெய்து அனுப்பு. நான் எழுதியிருக்கும் உச்சரிப்பு சரியா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா