தானியேலின் பலகணியும் ஒரு கைப்பிடி மல்லாட்டையும்

வேத வாசிப்பு: உபாகமம் 6:6-9, தானியேல் 1:8-16, 6:10



மல்லாட்டை பிடுங்கும் காலத்தில், செஞ்சிக்கு அருகே மண்டகப்பட்டில் ஒரு சகோதரியின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். கணவரை இழந்தவர், பேரனோடு வாழ்கிறவர். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொள்கிறவர். காலிலே ஆறாத புண். அதற்காக ஜெபிக்கவே என்னை அழைத்திருந்தார். முழங்கால்படியிட்டு ஜெபித்தோம். "ஆமென்" என்று எழுந்தவுடன் இனிப்புத் தேநீரும், ஒரு தட்டு நிறைய கிரீம் பிஸ்கட்டும், மிக்சரும் வந்தன. நான் உண்டேன். எனக்குத் துணையாக அவரும் உண்டார்.

வாசலிலே அவருடைய சொந்த நிலத்து மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. "அதிலே கொஞ்சம் அவித்திருக்கலாமே, அம்மா" என்றேன். "பாஸ்டர் ஐயாவுக்கு மல்லாட்டையைக் கொடுத்தால் மரியாதையாகவா இருக்கும்?" என்றார். விளைந்ததை விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் என் பொருட்டுப் பாக்கெட் வாங்கியிருக்கிறார்.

அன்றைக்கு என் பைக்குள்ளும் ஓர் இரத்தப் பரிசோதனைச் சீட்டு இருந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 6.3. நோயின் வாசற்படி அது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் ஏறக்குறைய 10.1 கோடிப் பேர் சர்க்கரை நோயோடு வாழ்வதாகக் கூறுகிறது. அந்தத் திரளுக்குள் நானும் அடியெடுத்து வைக்க இருந்தேன். பிரசங்க பீடத்தில் நின்று இச்சையடக்கத்தைப் போதித்தவன், வீட்டிலே பிரசங்கக் குறிப்பேட்டைத் திறந்தால் போதும், கை தானாகவே பிஸ்கட் டப்பாவைத் தேடும். பசி அதற்குக் காரணமல்ல. குறிப்பேடு திறப்பதே காரணம்.

இதைக் கண்டுகொண்டபோது உபாகமம் 6-ஆம் அதிகாரம் எனக்குப் புதிதாய்த் திறந்தது. தம் வார்த்தைகளை நினைவில் கொள்ளும்படி மட்டும் கர்த்தர் கட்டளையிடவில்லை. உட்காரும்போதும், நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்போதும் அவற்றைப் பேசச் சொன்னார். வாசல் நிலைகளிலும் எழுதச் சொன்னார். அன்றாடம் தவறாமல் நடக்கிற செயல்களோடு நினைவைக் கட்டிவைத்தார். மனிதன் மறக்கிறவன் என்பதை அவர் அறிவார்.

தானியேலைப் பாருங்கள். ராஜாவின் போஜனம் தனக்குத் தேவையில்லை என்று முன்னதாகவே இருதயத்தில் நிர்ணயித்துக்கொண்டான். பருப்பும் தண்ணீரும் கேட்டான். அதையும் முதலில் பத்து நாள் சோதனையாகவே கேட்டான். பிற்காலத்தில் ராஜகட்டளை பிறந்த நாளிலும் எருசலேமை நோக்கிய அதே பலகணியருகே தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டான். அந்த இடமும் வேளையும் நெடுநாளாகவே அவனை ஜெபத்திற்கு அழைத்துப் பழகியிருந்தன.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரங்கள் கவனித்தார்கள். உண்பது, பருகுவது, உடற்பயிற்சி ஆகியவற்றில் ஏதேனும் ஒரு சிறு செயலை, நாள்தோறும் ஒரே சூழ்நிலையை ஒட்டிச் செய்யும்படி அவர்களிடம் கேட்டார்கள். அது தானாய் நிகழும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆகுமென்று கணித்தார்கள். சிலருக்கு 18 நாட்களே போதும். சிலருக்கு 254 நாட்கள் வரை தேவைப்படும். இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் கெடுத்துவிடவில்லை என்பதும் அவர்கள் கண்டது. விழுந்த மறுநாள் எழுந்து தொடருகிறவனுக்கு இது எத்தனை ஆறுதல்!

ஆகவே நானும் ஒரு பலகணியைத் தேடினேன். குறிப்பேட்டைத் திறக்கும் வேளையை விட்டுவிடவில்லை. பிஸ்கட் டப்பா இருந்த இடத்தில் அவித்த மல்லாட்டைக் கிண்ணத்தை வைத்தேன். மல்லாட்டைப் பருப்பின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு புரதம். ஆனால் பாதியளவு எண்ணெயும் அதில் உண்டு. ஆகையால் ஒரு கைப்பிடிக்கு மேல் எடுப்பதில்லை. தோலை ஒவ்வொன்றாய் உரிக்க வேண்டியிருப்பதால் கையும் அவசரப்படுவதில்லை. மாலை ஆலயமணி அடிக்கும்போது ஒரு கொய்யா. வீடு சந்திப்புக்குப் போனால், செருப்பைக் கழற்றும்போதே, "அம்மா, சர்க்கரை இல்லாத தேநீர் போதும்" என்று சொல்லிவிடுகிறேன். தட்டு வந்தபின் மறுத்தால் அன்பு புண்படும். முன்னதாகச் சொன்னால் புண்படுவதில்லை.

மண்டகப்பட்டுக் குடைவரையை நீங்கள் பார்த்திருக்கலாம். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் அதைச் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி அமைத்ததாக அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. வெளியிலிருந்து ஒன்றையும் கொண்டுவராமல், இருந்த பாறையையே குடைந்தார்கள். பிரியமானவர்களே, நல்ல பழக்கத்திற்கும் புதிய நாள் ஒன்று தேவையில்லை. தேநீர்ப் பாத்திரம் கொதிக்கும் வேளையும், பிள்ளை பள்ளிப் பையை இறக்கும் வேளையும் ஏற்கெனவே நம்மிடம் உண்டு. அவற்றில் ஒன்றையே குடைந்துகொள்வோம்.

அந்தச் சகோதரியிடம் மறுவாரம் போய் என் பரிசோதனைச் சீட்டைக் காட்டினேன். "நானும் உங்களைப் போன்றவன்தான், அம்மா" என்றேன். இப்போது பேரன் பையை இறக்கியதும் இருவருமாக அவித்த மல்லாட்டை உண்கிறார்கள். காலுக்கு மருத்துவமனையில் கட்டுப் போடுவதும் தொடர்கிறது. என்னுடைய அளவு இன்னும் அதே வாசற்படியில் நிற்கிறது, உள்ளே போகவில்லை. நான் போனால், தட்டில் மல்லாட்டைதான் வருகிறது. அதை மரியாதையாகவே வாங்கிக்கொள்கிறேன்.

ஜெபம்: அன்பின் பரலோக பிதாவே, எங்கள் சரீரம் நீர் வாசம்பண்ணும் ஆலயம் என்பதை மறந்துபோகிறோம். எங்கள் அன்றாட வேளைகளை உம்மை நோக்கித் திறக்கும் பலகணிகளாக்கும். தவறிய நாளுக்குப் பின் மறுபடியும் தொடங்கக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.