ரூப்நாராயண் கரையில் ஒரு படகு

மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்தில், ரூப்நாராயண் நதிக்கரையில் இருக்கிறது டிஹிமண்டல்காட். கடல் ஏறி இறங்குவதால் இங்கே நீரோட்டத்தின் வேகம் அதிகம். அதைச் சமாளிக்கவே 'சோட்' என்ற பாய்மரப் படகுக்கு 'வி' எழுத்தைப் போன்ற அடிப்பாகம். பெரும்பாலான வங்கப் படகுகளுக்கு அடி உருண்டை.

முதலில் பலகைகளை இணைத்துப் படகின் உடலை உருவாக்குகிறார்கள். உள்ளே விலாக் கட்டைகள் பிறகுதான். வரைபடம் கிடையாது; தச்சரின் கண்தான் அளவுகோல்.

மோட்டார் படகுகள் வந்தபின் சோட்டுக்குக் கிராக்கி போய்விட்டது. 2022-ல் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மானுடவியலாளர் ஸ்வரூப் பட்டாச்சார்யாவும் இங்கே ஒரு சோட்டைக் கட்டவைத்து, ஒவ்வொரு கட்டத்தையும் படம்பிடித்தார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தின் திட்டம் ஒன்று நிதி உதவி அளித்தது.

படகின் வடிவம் இனி மறையாது. ஆனால் படம் பார்த்துக் கைப்பழக்கம் வராது. அதற்கு யாராவது அடுத்த சோட்டுக்கு ஆர்டர் தர வேண்டும்.